தடுத்த பந்துகளின் கணக்கு

(சங்கத்தின் வெள்ளி விழாவில் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

‘கல்வியும் விளையாட்டும்’ என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் எம்மைப் பணித்தனர். இத்தலைப்பில் பேசுவோர் பெலேயைப் பற்றியோ மரடோனாவைப் பற்றியோ பேசுவது வழக்கம். கோல் அடித்தவரை உலகம் அறியும். யாம் இன்று பேச எடுத்துக்கொண்டவரோ தம் அணியின் கோலுக்கு முன்னே நின்று, வருகின்ற பந்தைத் தடுத்துத் திருப்புவதையே தொழிலாகக் கொண்டிருந்தவர். அவர் பெயர் ஜிம்மி பேங்க்ஸ். அமெரிக்க நாட்டைச் சேர்ந்த கறுப்பினத்தவர். உள்ளரங்கக் கால்பந்து, வெளிக்களக் கால்பந்து ஆகிய இரண்டிலும் தொழில்முறைத் தடுப்பாட்டக்காரராக விளங்கியவர். அவர் வாழ்க்கை நம் சங்கத்திற்குச் சொல்வது ஒன்று உண்டு. அதனை இறுதியில் கூறுவோம்; முதலில் அவர் பிறந்த ஊரைக் காண்போம்.

விஸ்கான்சின் மாநிலத்தில், மிச்சிகன் ஏரியின் கரையில் அமைந்தது மில்வாக்கி நகரம். ஆலைத் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஊர். 1964ஆம் ஆண்டில் பேங்க்ஸ் அங்குப் பிறந்தபோது அந்நகரம் இரண்டாகப் பிரிந்து கிடந்தது. நடுவே ஓர் ஆற்றுப் பள்ளத்தாக்கு. அதன் வடபுறத்தில் கறுப்பின மக்கள், தென்புறத்தில் வெள்ளையர். பள்ளத்தாக்கின் குறுக்கே நீண்ட பாலம் ஒன்று இருந்தது. ஆனால் பாலத்தைக் கடந்து சென்று தென்புறத்தில் வாடகைக்கு வீடு கேட்கும் கறுப்பினத்தவருக்கு வீடு கிடைப்பதில்லை. ஊருக்கும் சேரிக்கும் நடுவே ஓர் ஓடையோ ஒரு சாலையோ கிடப்பதைக் கண்டு வளர்ந்த நமக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

அந்நகரவையில் 1956ஆம் ஆண்டு தேர்ந்தெடுக்கப்பெற்ற முதற் கறுப்பின உறுப்பினர் வெல் பிலிப்ஸ் என்னும் பெண்மணி. அந்நகரவையின் முதற் பெண் உறுப்பினரும் அவரே. வீடு கொடுப்பதில் நிறவேற்றுமை கூடாது என்னும் தீர்மானத்தை 1962ஆம் ஆண்டில் அவர் கொண்டுவந்தார். அது தோற்றது. மீண்டும் மீண்டும் கொண்டுவந்தார். ஒவ்வொரு முறையும் அவருடைய ஒரு வாக்கைத் தவிர வேறு ஆதரவு கிட்டவில்லை. பின்னர் 1967 ஆகஸ்டு 28ஆம் நாள் இளைஞர்கள் பாலத்தின்மீது நடக்கத் தொடங்கினர். ஜேம்ஸ் கிராப்பி என்னும் கத்தோலிக்கப் பாதிரியார் அவர்களுடன் நடந்தார். மறுகரையில் ஆயிரக்கணக்கானோர் கூடி வசைமொழி கூறினர்; கல்லையும் புட்டியையும் வீசினர். நடந்தவர்கள் நிறுத்தவில்லை. இருநூறு இரவுகள் தொடர்ந்து நடந்தனர். 1968 ஏப்ரலில் வீட்டு உரிமைச் சட்டத்தை நகரவை நிறைவேற்றியது. அப்போது பேங்க்ஸ் நான்கு வயதும் நிரம்பாத குழந்தை.

அக்குழந்தை வளர்ந்த இடம் வெஸ்ட்லான் என்னும் குடியிருப்பு. குறைந்த வருவாய் உடைய குடும்பங்களுக்காக அரசு கட்டிக்கொடுத்த வீடுகள் அவை. அங்குதான் சிறுவன் பேங்க்ஸ் கால்பந்து ஆடக் கற்றான். அக்காலத்தில் கறுப்பினச் சிறுவன் என்றால் கூடைப்பந்து ஆடுவான், பேஸ்பால் ஆடுவான் என்பதே பொதுவான எண்ணம். மில்வாக்கியில் கால்பந்து என்பது செர்மானியர், செர்பியர், குரோவேசியர் முதலிய குடியேறிகளின் ஆட்டமாக இருந்தது. அவரவர் சமூகத்திற்கு அவரவர் கழகம், அவரவர் மைதானம். அக்களத்தில் இறங்கிய கறுப்பினச் சிறுவன் தன் தெருவினருக்கும் புதியவன், எதிரணியினருக்கும் புதியவன்.

அவர் கல்லூரிப் படிப்பையும் ஆட்டத்தையும் ஒருங்கே தொடர்ந்தார். முதலில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் பார்க்சைடு வளாகத்திலும், பின்னர் மில்வாக்கி வளாகத்திலும் பயின்றார். மில்வாக்கியில் பயிற்சியாளராக இருந்தவர் பாப் கான்ஸ்லர். அங்கேரி நாட்டில் பிறந்து, அமெரிக்காவில் குடியேறியவர் அவர். பின்னாளில் அமெரிக்க நாட்டு அணிக்கே பயிற்சியாளர் ஆனவரும் அவரே. 1986ஆம் ஆண்டில் பேங்க்ஸ் நாட்டு அணியில் இடம்பெற்றார். 30-க்கும் மேற்பட்ட பன்னாட்டு ஆட்டங்களில் தம் நாட்டின் சட்டையை அணிந்து ஆடினார்.

இங்கு ஓர் ஐயம் எழலாம். வெளிக்களத்தில் நாட்டுக்கு ஆடியவர் உள்ளரங்கத்திற்கு ஏன் சென்றார்? வயிற்றுப் பிழைப்புக்காகச் சென்றார் என்பதே விடை. பெலே முதலியோரை அழைத்து ஆடவைத்த வட அமெரிக்கக் கால்பந்து லீக் 1984ஆம் ஆண்டோடு தன் ஆட்டங்களை முடித்துக்கொண்டது. அதன்பின் 1996ஆம் ஆண்டில் புதிய லீக் தொடங்கும்வரை, அந்நாட்டில் நாடு தழுவிய முதல்தர வெளிக்கள லீக் இல்லை. இடைப்பட்ட ஆண்டுகளில் கால்பந்தையே நம்பியிருந்தோர் பலருக்கு உள்ளரங்கம்தான் சோறு போட்டது. பேங்க்ஸும் தம் சொந்த ஊரின் அணியாகிய மில்வாக்கி வேவ் அணியில் பல பருவங்கள் ஆடினார்.

உள்ளரங்கக் கால்பந்தை நம்மில் பலர் பார்த்திருக்க மாட்டோம். பனிக்கட்டியின்மேல் ஆடும் ஹாக்கிக்கென அமைத்த அரங்கில், பனிக்கட்டிக்கு மாறாகச் செயற்கைப் புல்விரிப்பை விரித்து ஆடுவது அது. நீளம் ஏறத்தாழ 200 அடி, அகலம் 85 அடி. சுற்றிலும் இடுப்பளவுக்கு மேற்பட்ட பலகைச் சுவர். பந்து சுவரில் பட்டால் ஆட்டம் நிற்பதில்லை; பட்ட பந்து திரும்பி வந்துகொண்டே இருக்கும். கோல் காப்பாளரோடு சேர்த்து ஓர் அணிக்கு அறுவர். ஆட்டம் நடக்கும்போதே ஆளை மாற்றிக்கொள்ளலாம். ஒருவர் இரண்டொரு நிமிடம் மூச்சைப் பிடித்து ஓடிவிட்டு வெளியேறுவார். அடுத்தவர் சுவரைத் தாண்டி உள்ளே குதிப்பார். தவறிழைத்தவர் இரண்டு நிமிடம் தண்டனைப் பெட்டியில் அமர வேண்டும். அதுவரை அவர் அணி ஓர் ஆள் குறைவாக ஆட வேண்டும்.

வெளிக்களத்தில் தடுப்பாட்டக்காரருக்குப் பரந்த வெளி உண்டு. எதிரி வருவதைத் தொலைவிலேயே காணலாம். ஆஃப்சைடு என்னும் விதியும் அவருக்குத் துணை நிற்கும். உள்ளரங்கில் அத்துணை கிடையாது. முன்னாலிருந்தும் பந்து வரும், பக்கச் சுவரிலிருந்தும் வரும், தம் கோலுக்குப் பின்னாலுள்ள சுவரில் மோதித் தம் முதுகுப்புறத்திலிருந்தும் வரும். நினைத்துப் பார்க்க நேரமில்லை. மண்டியிட்டோ படுத்தோ தம் உடம்பையே குறுக்கே போட்டுத் தடுக்க வேண்டும். ஆட்டம் முடியும்போது தொடையிலும் விலாவிலும் கன்றிய தடங்கள் இருக்கும்.

ஒரு செய்தியை இங்கே கருத்தில் வாங்கிக்கொள்ளுமாறு வேண்டுகிறோம். பழைய வெளிக்கள ஆட்டக் குறிப்புகளைப் புரட்டினால், கோல் அடித்தவர் பெயர் இருக்கும்; அடித்த நிமிடமும் இருக்கும். தடுத்தவர் பெயர் இராது. ஆனால் உள்ளரங்க லீக்குகளில், கோல் அடித்த கணக்கோடு, எத்தனை பந்துகளை ஒருவர் தம் உடம்பால் தடுத்தார் என்பதும் அவர் பெயருக்கு நேரே எண்ணிக் குறிக்கப்பட்டது. நேர்ந்திருக்கக்கூடிய தோல்வியை நேராமல் செய்தவருக்கும் ஏட்டில் ஓர் இடம் உண்டு என்பதை அவ்விளையாட்டு ஏற்றுக்கொண்டது. இக்கருத்துக்குப் பின்னர் வருவோம்.

1989 நவம்பர் 19ஆம் நாள், டிரினிடாட் நாட்டின் போர்ட் ஆஃப் ஸ்பெயின் நகரில் நடந்த ஆட்டத்தில் ஒரே ஒரு கோலால் வென்று, அமெரிக்கா உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. நாற்பது ஆண்டுகளுக்குப் பின் கிட்டிய வாய்ப்பு அது. 1950ஆம் ஆண்டு உலகக் கோப்பையில் இங்கிலாந்தை அமெரிக்கா வென்றபோது, வெற்றிக் கோலை அடித்தவர் ஜோ கேட்ஜென்ஸ் என்னும் கறுப்பினத்தவர்தாம். எனினும் அவர் எயிட்டி நாட்டில் பிறந்தவர். அமெரிக்க மண்ணிலேயே பிறந்து வளர்ந்த கறுப்பினத்தவர் எவரும் அதுவரை உலகக் கோப்பையில் ஆடியதில்லை. 1990ஆம் ஆண்டு இத்தாலிக்குச் சென்ற அணியில் அத்தகையோர் இருவர் இருந்தனர். ஒருவர் வாசிங்டன் நகரில் பிறந்த டெஸ்மண்டு ஆம்ஸ்டிராங். மற்றவர் நம் பேங்க்ஸ். இருவரும் 1964ஆம் ஆண்டில் பிறந்தவர்கள், இருவரும் உள்ளரங்கத்தில் ஆடிப் பிழைத்தவர்கள், இருவரும் தடுப்பாட்டக்காரர்கள்.

சூன் 10ஆம் நாள் பிளாரன்சு நகரில் செக்கோஸ்லோவாக்கியாவுடன் முதல் ஆட்டம். ஆம்ஸ்டிராங் ஆடினார். அமெரிக்கா ஒன்றுக்கு ஐந்து என்னும் கணக்கில் தோற்றது. நான்கு நாள் கழித்து உரோமை நகரில், 70,000-க்கும் மேற்பட்டோர் கூடிய அரங்கில், போட்டியை நடத்தும் நாடாகிய இத்தாலியுடன் இரண்டாம் ஆட்டம். பத்து கோலாவது வாங்குவார்கள் என்று ஏளனம் பேசியவர்கள் பலர். அன்றைய அணியில் ஆம்ஸ்டிராங்கோடு பேங்க்ஸும் இறங்கினார். பதினோராம் நிமிடத்தில் ஜியானினி ஒரு கோல் அடித்தார். அரங்கமே அதிர்ந்தது. இனி வரிசையாக விழும் என்று எண்ணினர். விழவில்லை. இத்தாலிக்குக் கிடைத்த பெனால்டியும் கம்பத்தில் பட்டு வீணாயிற்று. பிற்பாதியில் அமெரிக்கர் அடித்த பந்து ஒன்று கோல் கோட்டைத் தொடும் தறுவாயில்தான் இத்தாலியரால் அகற்றப்பட்டது. முடிவில் கணக்கு ஒன்றுக்குச் சுழி. தோல்விதான், ஆயினும் தலைநிமிர்ந்து திரும்பிய தோல்வி. மூன்றாம் ஆட்டத்திலும் பேங்க்ஸ் ஆடினார்; ஆஸ்திரியாவிடம் ஒன்றுக்கு இரண்டு என அமெரிக்கா தோற்றது.

மூன்று ஆட்டம், மூன்று தோல்வி. ஏட்டில் இவ்வளவே இருக்கும். ஆனால் அதன் பின்விளைவு ஏட்டைவிடப் பெரிது. 1994ஆம் ஆண்டு உலகக் கோப்பை அமெரிக்காவிலேயே நடந்தது. பின் வந்த ஆண்டுகளில் கோபி ஜோன்ஸ், எடி போப், டமார்கஸ் பீஸ்லி எனக் கறுப்பின ஆட்டக்காரர்கள் பலர் அந்நாட்டு அணிக்குத் தூண்களாயினர். பீஸ்லி 2002 முதல் 2014 வரை நான்கு உலகக் கோப்பைகளில் ஆடினார். ஆம்ஸ்டிராங்கின் பெயர் 2012ஆம் ஆண்டில் அமெரிக்கக் கால்பந்துப் புகழ்மன்றத்தில் சேர்க்கப்பட்டது. முதலில் நுழைந்த இருவருக்கும் ‘இவர்களால் முடியுமா?’ என்னும் பார்வையைத் தாங்குவதும் ஆட்டத்தோடு சேர்ந்த சுமையாக இருந்தது. அச்சுமையின் எடை, ஓர் அலுவலகத்தில் முதன்முதலாக நாற்காலியில் அமர்ந்த நம்மவர் ஒவ்வொருவருக்கும் தெரியும்.

பேங்க்ஸின் பெருமை இத்தாலியோடு முடிந்துவிடவில்லை என்பது எம் கருத்து. ஆட்டம் ஓய்ந்தபின் அவர் மில்வாக்கியிலேயே பயிற்சியாளரானார். நகரின் கறுப்பினச் சிறுவர்களுக்காக இயங்கிய சிம்பா என்னும் கழகத்தில் அவர்களுக்குக் கால்பந்து கற்பித்தார். சிம்பா என்பது சுவாகிலி மொழியில் சிங்கம். அந்நாட்டில் பிள்ளைகளின் கால்பந்துக் கழகங்கள் கட்டணம் வாங்கி நடத்தப்படுவன. பயிற்சி, பயணம், சீருடை என ஆண்டுக்கு ஆயிரக்கணக்கான டாலர் கேட்கும் கழகங்கள் உண்டு. உலகின் பிற பகுதிகளில் ஏழையின் ஆட்டமாக இருப்பது அங்கே வசதி படைத்தோரின் ஆட்டமாகிவிட்டது. முன்பு பாலத்தின் மறுகரையில் நின்றவர்கள் கல்லெறிந்தார்கள். இன்று கல் எறிவார் இல்லை, கட்டணச் சீட்டு இருக்கிறது. அச்சீட்டின் முன் திரும்பிச் செல்லும் சிறுவனைத் தடுத்து நிறுத்திக் களத்திற்குள் அழைத்துச் செல்வதும் தடுப்பாட்டக்காரரின் வேலையே என்று பேங்க்ஸின் வாழ்க்கை எமக்குக் காட்டுகிறது.

1999ஆம் ஆண்டு முதல் மில்வாக்கி பொறியியல் கல்லூரியில் கால்பந்துப் பயிற்சியாளராக அவர் பணியாற்றினார். அக்கல்லூரி ஆடும் பிரிவில் விளையாட்டுக்கென உதவித்தொகை கொடுப்பதில்லை. பகலில் கணிதமும் இயந்திரவியலும் படித்துவிட்டு, ஆட்டத்தின்பாலுள்ள ஆர்வத்தால் மட்டுமே மாலையில் களம் இறங்கும் மாணவர்கள் அவர்கள். இருபது பருவங்கள் அவர்களை அவர் பயிற்றுவித்தார். கணையப் புற்றுநோய்க்கு ஆளாகி 2019 ஏப்ரல் 26ஆம் நாள் தம் ஐம்பத்து நான்காம் வயதில் காலமானார்.

அன்பர்களே! விளையாட்டு வந்துவிட்டால் இழிவு நீங்கிவிடும் என்று யாம் சொல்ல வரவில்லை. நம் நாட்டிலேயே பல்வங்கர் பாலு என்னும் தாழ்த்தப்பட்ட குலத்துக் கிரிக்கெட் வீரர் 1911ஆம் ஆண்டு இங்கிலாந்துப் பயணத்தில் 100-க்கும் மேற்பட்ட விக்கெட்டுகளை வீழ்த்தினார். அதே பாலுவுக்குப் பூனாவில் தேநீர் கொடுத்தபோது, அரங்கிற்கு வெளியே தனி மண்குவளையில் கொடுத்தார்கள். பந்து மட்டும் சாதியை ஒழிக்காது. ஆனால் பந்தும் மறுக்கப்பட்டவனுக்குப் புத்தகத்தின்மேல் பற்று நிலைப்பது கடினம். இதனை யாம் ஏட்டில் படித்து அறியவில்லை. எம் தவற்றால் அறிந்தோம்.

அதனை இப்பேரவையில் ஒப்புக்கொள்ள வேண்டும். யாம் தலைமையாசிரியர் பொறுப்பேற்ற தொடக்க ஆண்டுகள் அவை. பத்தாம் வகுப்பின் தேர்ச்சி விழுக்காடு ஒன்றே எம் கண்முன் நின்றது. விளையாட்டுப் பாடவேளைகளை எல்லாம் கணிதத்திற்கும் ஆங்கிலத்திற்கும் கொடுத்துவிட்டோம். நம் தெருப் பிள்ளைகளுள் ஒருவன் பத்தாம் வகுப்பில் இருந்தான். வெறுங்காலோடு ஆடுவான், அவன் பின்னே நின்றால் பந்து கடந்து போகாது. குறுவட்டப் போட்டிக்கு அவனை அழைத்துச் செல்ல உடற்கல்வி ஆசிரியர் ஒப்புதல் கேட்டார். அதே வாரத்தில் திருப்புதல் தேர்வு. ‘முதலில் படிப்பு’ என்று கூறித் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். அவன் ஒன்றும் பேசவில்லை. திருப்புதல் தேர்வுக்கும் வரவில்லை. அதன்பின் பள்ளிக்கே வரவில்லை. விசாரித்தபோது, பெற்றோருடன் செங்கற்சூளைக்குச் சென்றுவிட்டதாகச் சொன்னார்கள். அவனைப் பள்ளியோடு கட்டியிருந்த கயிறு அந்தப் பந்து. அதனை அறுத்தது எம் கை. அவ்வாண்டு எம் பள்ளியின் தேர்ச்சி விழுக்காடு உயர்ந்தது. எமக்குப் பாராட்டும் கிடைத்தது. தேர்வெழுத வராதவன் அந்த விழுக்காட்டில் சேரவில்லை. எம் காலடியிலிருந்து நழுவிப்போன அந்தப் பந்தை எந்த ஏடும் குறித்துவைக்கவில்லை.

இனி நம் சங்கத்திற்கு வருவோம். இன்று காலையில் செயலாளர் அவர்கள் இருபத்தைந்து ஆண்டு அறிக்கையைப் படித்தார்கள். பட்டதாரிகள் பெயர் படிக்கப்பட்டது. ஆசிரியர், செவிலியர், பொறியாளர் ஆனோர் பெயர் படிக்கப்பட்டது. கேட்டு நெஞ்சம் நிறைந்தது. அவை நம் சங்கம் அடித்த கோல்கள். ஆனால் இச்சங்கத்தின் பெரும்பணி அவ்வறிக்கையில் இல்லை. பதினைந்து வயதில் மணம் பேசி முடித்த பெண்ணின் வீட்டுத் திண்ணையில் மூன்று நாள் சென்று அமர்ந்து, அத்திருமணத்தை நிறுத்தி, அவளை மீண்டும் ஒன்பதாம் வகுப்பில் சேர்த்த நம் தாய்மார்களின் பெயர் அதில் இல்லை. சூளைக்குப் புறப்பட்ட குடும்பத்தைப் பேருந்து நிலையத்தில் கண்டு, பிள்ளையை மட்டுமாவது விட்டுச் செல்லுமாறு கேட்டு, தம் வீட்டில் வைத்துச் சோறிட்டவர் இச்சபையில் பின்வரிசையில் அமர்ந்திருக்கிறார். அவர் பெயரும் இல்லை. இவர்கள் தடுப்பாட்டக்காரர்கள். இவர்கள் தடுத்த பந்துகளுக்குக் கணக்கு வேண்டும்.

ஆகவே சங்கத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறோம்.

முதலாவது, ஒரு நோட்டுப் புத்தகம். படிப்பை விட இருந்த பிள்ளை யார், அப்பிள்ளையைத் தடுத்து நிறுத்தியவர் யார், எந்த நாளில் என்பன அதில் எழுதப்பட வேண்டும். தடுக்க முடியாமல் போனவற்றையும் எழுத வேண்டும். அதன் முதற் பக்கத்தில் எம் மாணவன் நழுவிய செய்தியை எம் கையாலேயே எழுதித் தருவோம்.

இரண்டாவது, மாலைப் படிப்பகத்தில் புத்தகம் திறக்கும் முன் அரைமணி நேரம் பந்து. ஆண்பிள்ளைகளுக்கு மட்டுமின்றிப் பெண்பிள்ளைகளுக்கும் அது வேண்டும்.

மூன்றாவது, போட்டிக்குத் தேர்வாகும் பிள்ளைக்குக் காலணியும் பேருந்துக் கட்டணமும் சங்க நிதியிலிருந்து கொடுக்க வேண்டும். காசில்லாமையால் நம் பிள்ளை ஒருவனும் களத்தின் வாயிலிலிருந்து திரும்பி வரலாகாது.

எம் பங்கிற்கு ஒன்று சொல்வோம். அந்நிகழ்ச்சிக்குப் பின் எம் பள்ளியில் விளையாட்டுப் பாடவேளையை வேறு பாடத்திற்கு நாம் கொடுத்ததில்லை. பணியில் இருக்கும்வரை கொடுக்கவும் மாட்டோம்.

மாணவச் செல்வங்களே! உங்களுள் சிலர் கோல் அடிப்பீர்கள். உங்கள் பெயர் அறிக்கையில் ஏறும். மகிழ்ச்சி. அன்று ஒரு கணம் பின்னால் திரும்பிப் பாருங்கள். உங்கள் கோலுக்கு முன்னே நின்று, உங்களை நோக்கி வந்தவற்றைத் தம் உடம்பால் தடுத்தவர்கள் அங்கே நிற்பார்கள். அவர்களுக்கு வயதாகிவிடும். அவர்கள் நின்ற இடத்தில் அடுத்து நீங்கள் வந்து நிற்க வேண்டும். மில்வாக்கியின் ஏழைக் குடியிருப்பில் வளர்ந்த சிறுவன் உரோமை நகர் வரை சென்று, பின் தன் ஊருக்கே திரும்பி நின்றது போல நிற்க வேண்டும்.